சுழலும் போல்ட், கழலாத பலகை: தீவகத்து மரத்துறை ஒன்றின் டீ நட்டுகள்

யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பரவைக்கடலை ஒட்டி ஒரு சிறிய விருந்தினர் விடுதி இருக்கிறது. கரையிலிருந்து நீருக்குள் நீளும் மரத்துறை, அதன் தலைப்பில் கூரை போட்ட இருக்கை மண்டபம், விருந்தினரை ஏற்றி இறக்க ஒரு பைபர் படகு. மூன்றிலும் பலகைகளைக் கழற்றிப் பூட்டுவதற்கு, மரத்தைப் பற்களால் கவ்வி நிற்கும் டீ நட் போட்டிருந்தார்கள். ஐப்பசியில் மழையும் வாடைக்காற்றும் தொடங்குமுன் துறையின் மேற்பலகைகளைக் கழற்றி உள்ளே அடுக்கிவிட வேண்டும் என்பது அவர்களின் திட்டம். முதல் வருடம் முக்கி முனகிக் கழன்ற போல்ட்டுகள் இரண்டாம் வருடம் அடியோடு மறுத்தன. ஸ்பனரைப் போட்டுத் திருப்பினால் போல்ட் சுழன்றது, மேலே வரவில்லை. கடைசியில் கிரைண்டர் பிடித்துத் தலைகளை அறுத்துத்தான் பலகைகளை எடுத்தார்கள். நல்ல தேக்குப் பலகையெங்கும் கரிந்த வட்டங்கள் மிஞ்சின.

"ஸ்டெயின்லெஸ் என்று சொல்லித்தானே காசு வாங்கினார்கள், பிறகு எப்படிக் கறள் பிடித்தது?" என்று விடுதியை நடத்தும் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. அறுத்தெடுத்த போல்ட்டுகள் ஒரு பழைய பால்மாப் பேணியில் கிடந்தன. கழுவித் துடைத்தால் மினுங்கின. தலையில் ஏ2-70 என்ற முத்திரை தெளிவாகத் தெரிந்தது. அது 304 என்ற ஸ்டெயின்லெஸ் ரகத்தைக் குறிப்பது. போல்ட்டைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. ஆனால் நட் ஸ்டெயின்லெஸ் இல்லை. சாதாரண இரும்பில் நாகம் (துத்தநாகம்) பூசிய, தளபாடக் கடைகளில் பையாகக் கிடைக்கும் டீ நட். பலகைக்கு மேலே கண்ணுக்குத் தெரியும் பாகத்துக்கு நல்ல உலோகம், மரத்துக்குள் மறையும் பாகத்துக்கு மலிவான உலோகம். காசு மிச்சம் பிடிப்பதற்கு இதைவிடப் பிழையான இடம் கிடைக்காது.

டீ நட்டைத் தெரியாதவர்களும் அதன்மேல் இருந்திருப்பார்கள். செற்றியின் கால்கள் திருகி இறங்குவது அதற்குள்தான். உள்ளே மரை வெட்டிய ஒரு குட்டைக் குழல், அதன் ஒரு முனையில் வட்டத் தட்டு, தட்டிலிருந்து குழல் பக்கமாக மடிந்து நிற்கும் மூன்று அல்லது நான்கு பற்கள். மரத்தில் துளையிட்டுக் குழலை உள்ளே விட்டு இறுக்கினால் பற்கள் மரத்தைக் கவ்விக்கொள்ளும், நட் சுழலாது. பின்பக்கம் கை எட்டாத இடத்திலும் முன்பக்கத்தில் நின்றே பூட்டிக் கழற்றலாம். இந்தத் துறைக்கு அது பொருத்தமான தெரிவு என்றே இப்போதும் சொல்வேன். பரவைக்கடலில் நீரின் ஏற்ற இறக்கம் குறைவு. பலகைக்கும் நீருக்கும் இடையில் ஓர் ஆள் தலையை நுழைக்க இடமில்லை. வெறும் நட் போட்டிருந்தால் ஒவ்வொரு ஐப்பசியும் ஒருவர் ஸ்பனரோடு சேற்றில் மல்லாந்து படுக்க வேண்டியிருக்கும்.

செதுக்கிப் பார்த்தபோது

பழுது எங்கே தொடங்கியது என்று பார்க்க, தாங்குசட்டம் ஒன்றை முழுதாகக் கரைக்குக் கொண்டுவந்து, நட்டைச் சுற்றியிருந்த மரத்தை உளியால் செதுக்கினோம். திருத்த வேலைக்கு வந்திருந்த ஓடாவியார் அனுபவசாலி. வள்ளம் கட்டிய கை. அவர் செதுக்க, நான் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

தட்டு நொறுங்கிய அப்பளம்போலப் படைபடையாக உதிர்ந்தது. பற்கள் இருந்த இடத்தில் செந்தூள் நிறைந்த கீறல்கள் மட்டும் இருந்தன. குழல் ஓரளவு எஞ்சியிருந்தது, ஆனால் போல்ட்டின் மரையோடு கறளால் ஒட்டிப்போயிருந்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய பல் போய்விட்டது. விட்டுக்கொடுக்க வேண்டிய மரை பிடித்துக்கொண்டது. போல்ட் சுழன்றதும் பலகை வராததும் இதனால்தான்.

துளையைச் சுற்றி ஒரு விரற்கடை தூரத்துக்கு மரம் நீலங்கலந்து கறுத்திருந்தது. இரும்பும் மரத்திலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருளும் ஈரத்தில் சேர்ந்தால் வரும் கருமை அது. தாங்குசட்டங்கள் பழைய வீடொன்றைப் பிரித்தபோது கிடைத்த பாலைமரம். நீரில் தாழும் அளவுக்குக் கனமான சாதி. அந்த மரமே நட்டை ஒட்டிய இடத்தில் நகத்தால் கீற நார்நாராக வந்தது. ஓடாவியாருக்கு அது புதினமில்லை. "ஆணி செத்தால் மரத்தையும் கூட்டிக்கொண்டுதான் போகும், தம்பி" என்றார்.

காரணத்தை விளக்கமாகச் சொல்ல வேண்டும். கடையில் பளபளவென்று கிடைக்கும் டீ நட்டில் மின்முலாமாக ஏறியிருக்கும் நாகப் பூச்சின் தடிப்பு பெரும்பாலும் 5 முதல் 8 மைக்ரோன் வரைதான். வீட்டுக்குள் நிற்கும் செற்றிக்கு அது தாராளம். உருக்கிய நாகத்தில் தோய்த்தெடுக்கும் முறையில் பூச்சு 40, 50 மைக்ரோனுக்கு மேல் போகும். ஆனால் டீ நட்டை அப்படித் தோய்த்தால் உள்மரை அடைபடும். மறுபடி மரை வெட்டினால் அந்த இடத்தில் பூச்சுப் போய்விடும்.

மெல்லிய பூச்சு மட்டும் என்றால் அது இன்னும் கொஞ்சக் காலம் தாக்குப்பிடித்திருக்கும். அதற்குள் ஸ்டெயின்லெஸ் போல்ட்டைத் திருகியதுதான் விதியை எழுதியது. கடல்நீரில் நாகத்துக்கும் ஸ்டெயின்லெஸ் உருக்குக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாடு கிட்டத்தட்ட ஒரு வோல்ட். இரண்டும் தொட்டுக்கொண்டு உப்பீரத்தில் இருந்தால் அது ஒரு மின்கலம். அதில் கரைவது நாகம். நாகம் முடிந்ததும் அடியிலிருக்கும் இரும்பு. கரையும் பாகம் சிறிதாகவும் கரையாத பாகம் பெரிதாகவும் இருந்தால் அரிப்பு வேகமெடுக்கும். இங்கே கரைந்தது மெல்லிய தட்டும் சிறிய பற்களும். அவற்றைக் கரைத்தது அவற்றைவிடப் பெரிய போல்ட். சொன்னால் வேடிக்கையாக இருக்கும்: போல்ட்டும் அதே மலிவான நாகப் பூச்சு ரகமாக இருந்திருந்தால் நட் இன்னும் கொஞ்சம் கூடுதலாக உழைத்திருக்கும்.

எந்தப் பக்கம் தட்டு?

உலோகப் பிழைக்கு மேல் இன்னொரு பிழையும் இருந்தது. அதை எல்லாரும் உலோகத்தின் தலையில் கட்டிவிடுவார்கள் என்பதால் தனியே சொல்கிறேன்.

டீ நட்டின் தட்டு, போல்ட்டின் தலை இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். துறையில் போல்ட் மேலிருந்து பலகையையும் தாங்குசட்டத்தையும் ஊடுருவி இறங்குகிறது என்றால், நட் தாங்குசட்டத்தின் அடியிலிருந்து மேல்நோக்கிப் புக வேண்டும். அப்போதுதான் போல்ட்டை இறுக்க இறுக்கத் தட்டு மரத்துக்குள் அழுந்தும். முதலில் செய்தவர்கள் தாங்குசட்டத்தின் மேல்முகத்தில் நட்டை அடித்து, அதன்மேல் பலகையை வைத்துப் பூட்டியிருந்தார்கள். அடிப்பது எளிது, தாங்குசட்டத்தைத் தூணிலிருந்து இறக்க வேண்டியதில்லை, 75 மி.மீ. ஆழத் துளையைச் சாயாமல் இறக்கும் வேலையும் குறைகிறது. ஆனால் போல்ட் இறுகும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். தலைக்கும் தட்டுக்கும் நடுவே அகப்படுவது பலகை மட்டுமே. பலகை நட்டோடு இறுகுகிறது, தாங்குசட்டத்தோடு அல்ல. தாங்குசட்டத்தில் அதைப் பிடித்து வைத்திருந்தவை அந்த நான்கு பற்கள்தான். ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் போல்ட் பற்களை மரத்திலிருந்து வெளியே பிடுங்கப் பார்க்கிறது.

போதாக்குறைக்கு, பலகைக்கும் தாங்குசட்டத்துக்கும் இடையிலான அந்தப் பொருத்துமுகம்தான் முழுத்துறையிலும் ஈரம் கடைசியாகக் காயும் இடம். தட்டை அங்கே வைத்தது கறளுக்கு மடியில் இடம் கொடுத்ததற்குச் சமம். ஸ்டெயின்லெஸ் நட் போட்டிருந்தாலும் இந்த அமைப்பு நிலைத்திருக்காது. கறளால் அல்ல, பற்கள் பிடுங்குண்டு கெட்டிருக்கும்.

நட் தேடியது

இனி நட்டும் போல்ட்டும் ஒரே உலோகமாக, 316 ரகத்தில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். 304, 316 இரண்டிலும் குரோமியம்தான் காவல். காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்றை அது விரித்து வைக்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தைப் பொத்தலாக்கும். 316 ரகத்தில் கூடுதலாக உள்ள 2 முதல் 3 சதவீத மொலிப்டினம் பொத்தல் விழுவதைத் தடுக்கிறது.

யாழ் நகரத்தில் நாங்கள் கேட்ட கடைகளில் 316 போல்ட் கிடைத்தது, டீ நட் கிடைக்கவில்லை. காந்தத்தைக் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்து வாங்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதைக்கொண்டு சாதாரண இரும்பை ஒதுக்கலாம். அதற்குமேல் அந்தச் சோதனை உதவாது. 304, 316 இரண்டுமே காந்தத்தை அநேகமாக இழுப்பதில்லை. குளிர்நிலையில் அழுத்தி மடித்த பாகங்கள் இரண்டிலுமே கொஞ்சம் இழுக்கும். டீ நட்டின் பற்கள் அப்படி மடித்தவைதான். ஆகவே பல்லில் காந்தம் லேசாக ஒட்டுகிறது என்று நல்ல நட்டை வீசிவிடவும் கூடாது, ஒட்டவில்லை என்று 304 நட்டை 316 என்று நம்பிவிடவும் கூடாது. போல்ட் தலையில் 316 ரகத்தைக் குறிக்கும் ஏ4 என்ற முத்திரையைத் தேடலாம். டீ நட்டில் பெரும்பாலும் முத்திரையே இராது. விற்பவர் தரும் தரச்சான்றுதான் வழி. மொலிப்டினத்தைக் காட்டும் சோதனைத் துளிமருந்தும் உண்டு, கிடைத்தால் நல்லது.

இதற்கிடையில் நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த அக்காவின் சித்தப்பா ஒரு பை நிறைய ஸ்டெயின்லெஸ் டீ நட்டுகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். மனம் பெரியது, மரை வேறு. அவை அங்குல அளவு: 5/16 அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை. எங்கள் போல்ட் எம் 8, மரைக்கு மரை 1.25 மி.மீ. 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ.; அதன் மரை இடைவெளி 1.41 மி.மீ. விட்டம் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் முதல் ஒன்றிரண்டு சுற்று போல்ட் நல்ல பிள்ளையாக இறங்கும். பிறகு இறுகும். மரம்தான் இறுகுகிறது என்று எண்ணி இன்னும் ஒரு திருப்புத் திருப்பினால் அதோடு முடிந்தது. அங்கே உதவிக்கு நின்ற பையன் ஒருவன் அப்படித்தான் ஒன்றைப் பூட்டினான். பிறகு அதை முன்னுக்கும் கொண்டுபோக முடியவில்லை, பின்னுக்கும் எடுக்க முடியவில்லை.

மரை சரியாகப் பொருந்தினாலும் ஸ்டெயின்லெஸ்ஸில் இந்த ஆபத்து உண்டு. கறள் இல்லாமலே, புத்தம்புது போல்ட் புத்தம்புது நட்டுக்குள் ஒட்டிப்போகும். இறுக்கும்போது மரைகளின் முகங்கள் அழுத்தத்தில் உராய்கின்றன, காவற்படலம் கிழிகிறது, அடியிலிருக்கும் உலோகமும் உலோகமும் நேரே தொட்டு ஒன்றையொன்று கடித்து ஒட்டிக்கொள்கின்றன. துளைபோடும் மெசினில் பிடித்துச் சர்ரென்று இறக்கினால் சூடேறி இன்னும் சீக்கிரம் நடக்கும். வேகமாக வேலை செய்வதே கெட்டித்தனம் என்று நினைக்கும் பையன்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்கு ஒரு போல்ட்டைப் பலிகொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. நாங்கள் எல்லா மரைகளிலும் மரை ஒட்டிப்போகாமல் தடுக்கும், நிக்கல் கலந்த ஆன்டிசீஸ் பசையைத் தூரிகையால் பூசி, கையால் இறக்கி, கடைசி இறுக்கத்தை மட்டும் குட்டை ஸ்பனரால் செய்தோம். கிராபைட் கலந்த கிரீஸ் கராஜ்களில் எளிதில் கிடைக்கிறது. கடற்பக்கம் அதைத் தவிர்க்க வேண்டும். கிராபைட் கடல்நீரில் ஸ்டெயின்லெஸ்ஸையும் அரிக்கத் தூண்டும்.

பாலைமரமும் பல்லும்

316 ரகத்தில் எம் 8 டீ நட் கடைசியில் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தது. வந்ததும் அடுத்த சிக்கல். தேவதாரு, மகோகனி போன்ற மரங்களில் பல் தானாக இறங்கும். பாலையில் சுத்தியலால் அடித்தால் பல் வெளிப்பக்கமாக வளைந்து படுத்துவிடுகிறது. இரண்டு அடி கூட அடித்தால் குழல் சாய்கிறது. சாய்ந்த குழலில் போல்ட் கோணலாக இறங்கி மரையைக் கடிக்கிறது.

ஓடாவியாரின் வழி பொறுமையானது. மேலிருந்து 8.5 மி.மீ. துளை முழு ஆழத்துக்கு. அடியிலிருந்து அதே மையத்தில், குழல் அமரும் ஆழத்துக்கு மட்டும் 10 மி.மீ. நட்டை வைத்து மெல்லத் தட்டி, பல் பட்ட அடையாளங்களை எடுத்து, மெல்லிய உளியால் அந்த இடங்களில் சிறு வெட்டுகள் இறக்கினார். துளையின் உட்சுவருக்கு நீர்ப்பதமான எப்பொக்சியை இரு முறை பூசிக் காயவிட்டோம். பிறகு தட்டின் அடியில் பொலியூரிதேன் பசையைச் சுற்றிவர வைத்து, மேலிருந்து ஒரு நீளப் போல்ட்டும் அகலமான வாசரும் போட்டு நட்டை மேல்நோக்கி இழுத்து அமர்த்தினார். சுத்தியல் எங்கும் படவில்லை. இழுத்து அமர்த்திய நட் நேராக உட்கார்ந்தது; தட்டின் ஓரத்தில் பசை பிதுங்கி ஒரே அளவான வளையமாக நின்றது. அந்த வளையம் ஓரிடத்தில் அறுந்திருந்தாலும் நீர் அவ்வழியே தட்டின் அடிக்குப் போய்விடும் என்பதால், அறுந்த இடம் கண்டவற்றை அவர் மறுபடி கழற்றிச் செய்தார். குழலின் கீழ்வாயை மட்டும் அடைக்கவில்லை. மேலிருந்து போல்ட்டோடு இறங்கும் மழைநீர் வெளியேற ஒரு வழி வேண்டும்.

கரைப்பக்கத் தாங்குசட்டங்களுக்கு இப்படி. தலைப்பை ஒட்டி, சோளகக் காலத்தில் அலை எழும்பி அடியிலிருந்தே நனைக்கும் சட்டங்களுக்கு நான் டீ நட்டை ஒப்புக்கொள்ளவில்லை. 316 என்றாலும் அதன்மேல் மிகைநம்பிக்கை வைக்கக்கூடாது என்பதே காரணம். ஸ்டெயின்லெஸ்ஸின் காவற்படலம் ஒட்சிசனை உண்டு வாழ்வது. மரத்துக்குள் புதைந்து, எப்போதும் நனைந்து, காற்றுப் படாத சந்தில் ஒட்சிசன் தீர்ந்துபோகும், உப்பு செறியும். அங்கே படலம் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளாது. வெளியே மினுங்கும் போல்ட் உள்ளே கழுத்தறுந்து நிற்பது இப்படித்தான். குழி அரிப்பைத் தாங்கும் திறனை ஓர் எண்ணாகக் கணக்கிடுவார்கள்: குரோமிய சதவீதத்தோடு மொலிப்டினத்தின் 3.3 மடங்கையும் நைதரசனின் 16 மடங்கையும் கூட்டுவது. 304க்கு அது 18, 19 அளவில் வரும். 316க்கு ஏறத்தாழ 24. கடல்நீரில் மூழ்கியே கிடக்கும் வேலைக்கு 40 இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. அதோடு நம் கடல்நீர் சூடானது. குளிர்நாட்டுத் துறைமுகங்களில் 316 நன்றாக உழைத்தது என்று எழுதப்பட்டிருப்பதை இங்கே அப்படியே நம்ப முடியாது.

அந்தச் சட்டங்களுக்குப் பட்டறையில் ஒன்றைச் செய்வித்தோம். 3 மி.மீ. தடிப்புள்ள 316 தகட்டை 40 மி.மீ. சதுரமாக வெட்டி, நடுவில் துளையிட்டு, அடிப்பக்கத்தில் ஏ4 நட்டை ஆர்கன் வெல்டிங்கில் ஒட்டி, மூலைகளில் இரண்டு சிறு திருகாணிகளுக்குத் துளை. இதுவும் டீ நட்தான், பல்லும் புதைந்த குழலும் இல்லாத டீ நட். நட் முழுவதும் வெளியே காற்றில் தொங்குகிறது, மழை கழுவுகிறது. இழுவையைத் தாங்குவது தகடு. ஒட்டின் வேலை நட் சுழலாமல் பார்த்துக்கொள்வது மட்டும். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர்ப் பட்டறைகளுக்கு இது ஒரு வேலையே இல்லை. ஒன்றை மட்டும் பட்டறைக்காரரிடம் பிடிவாதமாகச் சொன்னேன்: ஒட்டைச் சுற்றி வரும் நீல, பழுப்பு நிறத்தை அப்படியே விடக்கூடாது, அதைத் தேய்க்க இரும்பில் பாவித்த கிரைண்டர் தட்டை எடுக்கவும் கூடாது. முதலாவதைச் செய்தால் அந்த இடத்தில் குரோமியம் குறைந்து கறள் தொடங்கும். இரண்டாவதைச் செய்தால் இரும்புத் துகள் ஒட்டி, ஒரு வாரத்திலேயே ஸ்டெயின்லெஸ் கறள் பிடித்ததுபோலத் தெரியும்.

நனையாத இடத்தில் கறை

இருக்கை மண்டபத்தில் நேர்மாறான ஒன்றைக் கண்டோம். அங்கே வாங்குகள் மகோகனி. பழைய போல்ட்டுகள் துறையில் போட்ட அதே 304. கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வாங்கின் போல்ட் தலைகள் சுத்தமாக இருந்தன. கூரைக்கு உள்ளே, மழையே படாத வாங்கின் போல்ட் தலைகளில் தேத்தண்ணீர் நிறத்தில் கறை படர்ந்திருந்தது. அக்கா இரண்டும் வேறு வேறு கடையில் வாங்கியது என்றே நினைத்திருந்தார். முத்திரையும் உற்பத்திக் குறியும் ஒன்றுதான்.

உப்புக்காற்று இரண்டு வாங்குக்கும் ஒன்றுபோலத்தான் வீசுகிறது. வெளியே உள்ளதை மழை கழுவிவிடுகிறது. உள்ளே உள்ளதில் உப்புப் படிந்தபடியே இருக்கிறது. இரவு ஈரத்தில் அது நனைந்து, பகலில் காய்ந்து, நாளுக்கு நாள் செறிகிறது. இந்தக் கறை பெரும்பாலும் அழகைக் கெடுப்பதோடு நின்றுவிடும், பலத்தைக் குறைக்காது. மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். கிணற்றுத் தண்ணீரே உவராக உள்ள தீவில் நல்ல தண்ணீரை போல்ட் துடைக்கச் செலவழிப்பதா என்று அக்கா யோசித்தார். கூரையில் பிடிக்கும் மழைநீர் இருக்கிறது, ஒரு வாளிக்கு மேல் தேவைப்படாது. மகோகனியில் 316 டீ நட்டுகள் உளிவேலை இல்லாமல், இழுத்து அமர்த்தியதும் இறங்கிவிட்டன. அந்த இடத்துக்கு 304 நட்டே போதும் என்பது என் கருத்து. ஆனால் இரண்டு ரகத்தையும் ஒரே பெட்டியில் வைத்தால் என்றோ ஒருநாள் 304 துறைக்குப் போய்விடும்.

படகில் எங்கே போடவில்லை

யாழ்ப்பாணத்துக்குப் பைபர் படகு புதிதல்ல. காரைநகரில் 1960களின் பிற்பகுதியில் நோர்வேத் தொடர்போடு தொடங்கிய சீநோர் படகுத் தொழிற்சாலையிலிருந்து இன்றைய சிறு பட்டறைகள் வரை அதற்கு இங்கே நீண்ட வழக்கம் உண்டு. விடுதிப் படகின் அடித்தளத்தில் மரைன் பிளைவூட் மூடிகள் டீ நட்டில் பூட்டப்பட்டிருந்தன. அடியில் எப்போதும் கொஞ்சம் கடல்நீர் தேங்கி நிற்கும். அந்த நீரில் தோய்ந்தபடி இருக்கும் நட்டுக்கு எந்த ரகமும் நான் சிபாரிசு செய்யவில்லை. மூடிகளுக்கு டீ நட்டையே விட்டுவிட்டு, மேலிருந்து திருப்பும் பிளாஸ்டிக் தாழ்ப்பாள்கள் போட்டாயிற்று.

பக்கப் பெட்டிகளின் மூடிகள் நீர் தேங்காத உயரத்தில் உள்ளவை. அங்கே எம் 6 அளவில் 316 டீ நட் போட்டோம். பிளைவூட்டில் பல் இறங்குவது எளிது. ஆனால் ஒவ்வொரு பல்லும் மேற்படையை வெட்டி, நீருக்கு வாசல் திறந்துவிடுகிறது. அதனால் முதலில் 14 மி.மீ. துளையிட்டு, தடித்த எப்பொக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் 8 மி.மீ. துளை. குழல் மரத்தையே தொடாது. பல் வெட்டிய இடங்களைத் தட்டின் அடியில் வைத்த பசை மூடுகிறது.

வெளியிணைப்பு எஞ்சினைத் தாங்கும் பின்பலகைக்கும், படகைக் கட்டும் கொம்புக்கும் டீ நட் கூடவே கூடாது. அலையோடு இழுபடும் கயிற்றின் வெட்டிழுப்பை அந்தச் சிறிய தட்டு தாங்காது. அங்கே ஊடுபோல்ட், பின்னால் கையகல 316 தகடு, கண்ணால் பார்க்கக்கூடிய நட். துறையில் இருந்த கட்டுக்கொம்பு ஒன்றும் டீ நட்டில்தான் நின்றது; அதைக் கையால் ஆட்டினாலே ஆடியது. முதல் வேலையாக அதை மாற்றினோம்.

புதிய அமைப்பு ஒரு வாடையைக் கண்டுவிட்டது. பலகைகள் எல்லாம் கிரைண்டர் இல்லாமலே கழன்றன. கரைப்பக்கச் சட்டத்தில் சில போல்ட்டுகள் எதிர்பார்த்ததைவிட இறுக்கமாக இருந்தன. முதல் மழையில் தேக்கு ஊதி, போல்ட்டை இழுத்துப் பிடித்திருந்தது. கோடையில் அதே பலகை சுருங்கிப் போல்ட் தளரும். அதனால் பங்குனியில் ஒருமுறை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து இறுக்குவதும், ஐப்பசியில் கழற்றும்போது மரைகளைத் துடைத்துப் புதிதாகப் பசை பூசுவதும் விடுதியின் வேலைக் கொப்பியில் எழுதப்பட்டிருக்கிறது. கழற்றிய போல்ட்டுகளில் நாங்கள் எழுந்தமானமாக எடுத்த சிலவற்றின் கழுத்தில் குழி எதுவும் இல்லை. தலைப்புச் சட்டங்களில் தகட்டுத் திருகாணிகளைச் சுற்றி மட்டும் லேசான பழுப்பு. அவை பெட்டியில் 316 என்று எழுதி விற்கப்பட்டவை. அடுத்த ஐப்பசியில் இரண்டைக் கழற்றி வெட்டிப் பார்க்க இருக்கிறோம். கனடாவிலிருந்து வந்த அங்குல நட்டுகளுக்குப் பொருத்தமான போல்ட்டுகளைச் சித்தப்பா அடுத்த தடவை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்; அவை சாப்பாட்டு அறை மேசைகளின் கால்களுக்குப் போகும்.